ஹைஸ்கூல் இங்கிலீஷ் டீச்சரா? தாக்குப்பிடிக்கவும் முன்னேறவும் 8 வழிகள்

ஹைஸ்கூலில் இங்கிலீஷ் எடுப்பது மற்ற சப்ஜெக்ட் எடுப்பதுபோல அல்ல. கணக்கில் விடை சரியா, தவறா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இங்கே ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்து, பிள்ளை என்ன சொல்ல வந்தது என்று யோசித்துத்தான் மார்க் போட வேண்டும். பெற்றோருக்குப் பிள்ளை சரளமாகப் பேச வேண்டும். எச்.எம்.முக்குப் பாஸ் பர்சன்டேஜ் வேண்டும். கடைசி பெஞ்சுக்கு 35 மார்க் வேண்டும். இந்த மூன்றையும் ஒரே பீரியடில் கேட்பார்கள்.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வர நினைப்பவர்களும், வந்து சில வருடத்திலேயே சலித்துப்போனவர்களும் ஒன்றை மனதில் வையுங்கள். மாணவர் செய்யும் பிழைதான் உங்கள் மூலதனம். அதைப் பார்த்து எரிச்சல்பட்டுக்கொண்டே இருந்தால் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். அதை வகைபிரிக்கக் கற்றுக்கொண்டால் ரிசல்ட்டும் வரும், பெயரும் வரும். எப்படி என்று பார்ப்போம்.

1. நுழைவுத் தேர்வில் இங்கிலீஷை மட்டும் நம்பாதீர்கள்

ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டின் இரண்டாம் தாளில் 150 கேள்விகள். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, முதல் மொழி 30, ஆங்கிலம் 30. மீதி 60 கேள்விகள் கணக்கு-அறிவியலில் அல்லது சமூக அறிவியலில். எம்.ஏ. இங்கிலீஷ் முடித்தவருக்கும் இதே கணக்குதான். உங்கள் சொந்த சப்ஜெக்ட் ஐந்தில் ஒரு பங்குதான் வருகிறது. பொதுப்பிரிவுக்கு 90 மார்க் வேண்டும். இலக்கிய வரலாற்றைப் புரட்டிக்கொண்டிருந்தால் அங்கே போய்ச் சேர முடியாது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சமூக அறிவியல் புத்தகங்களை முதலில் கையில் எடுங்கள். ஒருமுறை பாஸ் செய்தால் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். அரசுப் பணிக்கு டெட் மட்டும் போதாது, ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) நடத்தும் போட்டித் தேர்வையும் தாண்ட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்தே திட்டம் போடுங்கள்.

2. டெமோ கிளாஸில் நீங்கள் குறைவாகப் பேசுங்கள்

தனியார் பள்ளி இன்டர்வியூவில் பலர் சறுக்குவது டெமோ கிளாஸில்தான். தன் இங்கிலீஷைக் காட்ட வேண்டும் என்ற வேகத்தில் கடகடவென்று பேசிவிட்டு இறங்கிவிடுவார்கள். பிள்ளைகள் வாயே திறந்திருக்க மாட்டார்கள். முதல் மூன்று நிமிடத்துக்குள் ஒரு மாணவராவது ஒரு முழு வாக்கியம் பேசும்படி பாடத்தை அமையுங்கள். போர்டில் எழுத்து நேராக, கடைசி பெஞ்சுக்குத் தெரியும்படி இருக்கட்டும். வேலை கிடைத்தால் சேருவதற்கு முன்பே மூன்று கேள்விகள் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை பீரியட், எத்தனை செக்ஷன், எத்தனை நோட்டு திருத்த வேண்டும்? ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைச் சரிபார்க்கக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். அதைப் பிறர் கையில் கொடுத்தால் நல்ல வாய்ப்பு வரும்போது உங்களால் நகர முடியாது.

3. பிழைகளுக்கென்று ஒரு நோட்டு போடுங்கள்

விடைத்தாள் திருத்தும்போது சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வரும். படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னால், ‘திஸ் இஸ் எ பியூட்டிஃபுல் பிக்சர். இட் இஸ் வெரி கலர்ஃபுல்’ என்று எழுதியிருப்பார்கள். கொஸ்டின் பேப்பரில் இருப்பதோ கறுப்பு வெள்ளைப் படம். லீவ் லெட்டரில் ‘ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் மை சிஸ்டர்ஸ் மேரேஜ்’ என்று வரும். பாஸிவ் வாய்ஸில் ‘சீதா சிங்ஸ் எ சாங்’ என்பதை மாற்றச் சொன்னால், ‘எ சாங் சிங்ஸ் சீதா’ என்று பாட்டு சீதாவைப் பாடிக்கொண்டிருக்கும். ‘மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர். ஷி இஸ் எ குட் மேன்’ என்பது எல்லா ஊரிலும் கிடைக்கும்.

இவற்றை நோட்டில் குறித்து மூன்றாகப் பிரியுங்கள்.

முதல் வகை மனப்பாடப் பிழை. கலர்ஃபுல் படமும் அக்கா கல்யாணமும் இதில் சேரும். பிள்ளைக்கு அச்சு தெரிந்திருக்கிறது, அதில் எதைப் போடுவது என்று தெரியவில்லை. ஒரே படத்துக்கு வகுப்பில் ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக்கூடாது என்று விதி வையுங்கள். கைடு வாக்கியங்கள் நாலே பேரில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அவர்கள் படத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டாம் வகை அமைப்புப் பிழை. பாஸிவ் வாய்ஸ், டென்ஸ், ப்ரிபொசிஷன் எல்லாம் இங்கே வரும். இதற்கு விதியைத் திரும்பச் சொல்வது உதவாது. பாடியது யார், பாடப்பட்டது எது என்று தமிழிலேயே கேளுங்கள். அர்த்தம் தெளிந்த பிறகு இங்கிலீஷுக்குப் போங்கள்.

மூன்றாம் வகை பழக்கப் பிழை. ஹி, ஷி குழப்பம் இந்த ரகம். விதி பிள்ளைக்குத் தெரியும், நாக்குதான் பழகவில்லை. தினமும் இரண்டு நிமிட வாய்ப் பயிற்சி போதும்.

இப்படிப் பிரித்துப் பார்த்தால், வகுப்பில் பாதிப் பேர் ஒரே நாலைந்து பிழைகளைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள் என்று தெரியும். ரிசல்ட் ரிவ்யூ மீட்டிங்கில் ‘பசங்க சரியில்லை சார்’ என்று சொல்பவருக்கும், ‘இந்த நாலு இடத்தில் மார்க் போகிறது, இதைச் செய்துகொண்டிருக்கிறேன்’ என்று சொல்பவருக்கும் உள்ள வித்தியாசத்தை அதிகாரிகள் உடனே கவனிப்பார்கள்.

4. பிழைக்குச் சிரியுங்கள், பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

வகுப்பில் ஒருமுறை அவமானப்பட்ட மாணவர் அதன்பிறகு இங்கிலீஷில் வாய் திறக்க மாட்டார். பிழையைப் போர்டில் எழுதுங்கள், பெயரை எழுதாதீர்கள். அதே நாளில் எழுதாமல் ஒரு வாரம் கழித்து, கொஞ்சம் மாற்றி எழுதுங்கள். எழுதியவரும் சேர்ந்து சிரிப்பார், திருத்தவும் செய்வார்.

விடைத்தாளை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அது பிள்ளைக்குச் செய்யும் துரோகம். பெற்றோர் கண்ணில் பட்டால் உங்கள் வேலைக்கும் ஆபத்து.

சிரிக்கப் பாடப்புத்தகத்திலேயே இடம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் ஜேம்ஸ் தர்பரின் ‘தி நைட் தி கோஸ்ட் காட் இன்’ இருக்கிறது. நள்ளிரவில் காலடிச் சத்தம் கேட்டு, அம்மா பக்கத்து வீட்டு ஜன்னலை நோக்கி ஷூவை எறிகிற கட்டத்தை வாசித்துக் காட்டி நகராதீர்கள். நடிக்க விடுங்கள். போலீஸ் வேஷம் கடைசி பெஞ்சுக்கு. பேசவே பேசாத பையன் அன்று இரண்டு வரி பேசுவான்.

5. மார்க் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

2019-20இல் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தின் இரண்டு தாள்கள் ஒன்றாக்கப்பட்டன. 100 மார்க், 35 எடுத்தால் பாஸ். ஒன் வேர்ட் 14 மார்க். மெமரி போயம் 5, படத்துக்கு 5, லெட்டருக்கு 5, ரோடு மேப் 2. மெல்லக் கற்போரை இவற்றில் உறுதியாக நிறுத்துங்கள். ஜனவரி வரை காத்திருந்து மினிமம் மெட்டீரியலை நீட்டாதீர்கள், ஜூலையிலேயே ஆரம்பியுங்கள்.

அந்த மார்க்கையே மொழியாக மாற்றவும் முடியும். ரோடு மேப் கேள்விக்குப் புத்தகப் படத்தைவிட உங்கள் ஊர் நல்லது. ஸ்கூல் கேட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொல்லச் சொல்லுங்கள். 2 மார்க்கும் கிடைக்கும், நாளைக்கு வெளியூரில் நின்று வழி கேட்கும் தைரியமும் வரும்.

6. சிவப்பு மையைச் சிக்கனமாகச் செலவிடுங்கள்

மூன்று செக்ஷன், செக்ஷனுக்கு 40 பேர் என்றால் 120 நோட்டு. நோட்டுக்கு மூன்று நிமிடம் வைத்தால் ஆறு மணி நேரம். அவ்வளவு நேரம் செலவழித்துப் பக்கம் முழுக்கச் சிவப்பாக்கிக் கொடுத்தால், பிள்ளை மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்கும். வாரத்துக்கு ஒரே ஒரு குறி வையுங்கள். இந்த வாரம் டென்ஸ் மட்டும், அடுத்த வாரம் ஸ்பெல்லிங் மட்டும். பிழையை அடிக்கோடிட்டு விடுங்கள், சரியான வடிவத்தை மாணவரே எழுதட்டும். நேரம் பாதியாகும், பலன் கூடும். இன்ஸ்பெக்ஷனுக்கு வருபவரிடம் உங்கள் முறையைச் சொல்லத் தயாராக இருங்கள்.

7. ‘நீங்க இங்கிலீஷ்தானே?’ என்ற அழைப்பைப் பயன்படுத்துங்கள்

ஆபீசில் ஒரு லெட்டர் டைப் செய்ய வேண்டுமா, ஆண்டுவிழா அழைப்பிதழில் ப்ரூஃப் பார்க்க வேண்டுமா, சீஃப் கெஸ்டை வரவேற்க வேண்டுமா? ‘சார், நீங்க இங்கிலீஷ்தானே, கொஞ்சம் பாருங்க’ என்று உங்களிடம்தான் வருவார்கள். எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவும் சப்ஸ்டிட்யூஷன் பீரியடும் ஏற்கெனவே தலைக்கு மேல் இருக்கும். எல்லாவற்றையும் மறுத்தால் பெயர் கெடும், எல்லாவற்றையும் ஏற்றால் பாடம் கெடும்.

மறுபடி மறுபடி வரும் லெட்டர்களுக்கு டெம்ப்ளேட் செய்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுவிடுங்கள். அடுத்த முறை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். மேடை வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஆனால் மைக்கை மாணவர் கையில் கொடுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் இங்கிலீஷில் தடுமாறாமல் தொகுத்து வழங்கினால் பெற்றோர் முதலில் கேட்பது, ‘இவங்களுக்கு இங்கிலீஷ் யார் எடுக்கிறாங்க?’ என்றுதான். அந்த விளம்பரத்தை எந்த ரிசல்ட் ஷீட்டும் தராது.

8. உங்கள் இங்கிலீஷைத் தேய விடாதீர்கள்

வருடக்கணக்கில் தவறான ஸ்பெல்லிங்கையே படித்துக்கொண்டிருந்தால் சரியானதிலும் சந்தேகம் வர ஆரம்பிக்கும். இந்த வேலையில் யாரும் சொல்லாத ஆபத்து இது. தினமும் அரை மணி நேரம் பாடத்துக்குத் தொடர்பில்லாத நல்ல இங்கிலீஷ் படியுங்கள், கேளுங்கள். பெங்களூருவின் ரீஜனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இங்கிலீஷில் தென்மாநில ஆசிரியர்களுக்குப் பயிற்சி உண்டு. ஆள் அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தால் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1974 முதல் இயங்கும் எல்டாய் என்ற ஆங்கில ஆசிரியர் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். உங்கள் பிழை நோட்டிலிருந்தே ஒரு நல்ல கட்டுரை எழுதி அங்கே வாசிக்கலாம். பிஜி அசிஸ்டென்ட் பணிக்கும், ரிசோர்ஸ் பர்சன் வாய்ப்புக்கும், பெரிய சிபிஎஸ்இ பள்ளி இன்டர்வியூவுக்கும் கையில் காட்ட ஏதாவது வேண்டும். சர்வீஸ் வருடங்களை எல்லோரும் காட்டுவார்கள். எந்தப் பிழையை எப்படிக் குறைத்தேன் என்று சொல்பவர்கள் சிலர்தான். தேர்வு செய்பவர் அந்தச் சிலரைத்தான் தேடுகிறார்.

அடுத்த டெஸ்ட் பேப்பர் கட்டு மேசைக்கு வந்ததும் மார்க் போடுவதற்கு முன் பத்து விடைத்தாளை மட்டும் எடுத்துப் படியுங்கள். அடிக்கடி வரும் மூன்று பிழைகளைக் குறியுங்கள். மறுநாள் முதல் பத்து நிமிடத்தை அந்த மூன்றுக்கு மட்டும் கொடுங்கள். இதை இந்த ஒரு டெர்ம் விடாமல் செய்யுங்கள். அரையாண்டு மார்க் லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு, இதைத் தொடர்வதா வேண்டாமா என்று நீங்களே முடிவெடுங்கள்.