ஒரே மரம், ஏன் இத்தனை பெயர்?

கேள்வி: அகத்தியமலைப் பக்கத்து நிரம்பாலி மரத்துக்குப் பழைய நூல்களில் போடோகார்பஸ் லாட்டிஃபோலியஸ் என்றும், புதியவற்றில் நாகியா வாலிச்சியானா என்றும் இருக்கிறது. எது சரி?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: நாகியா வாலிச்சியானாதான் சரி. பழைய பெயரை 1830-இல் வைத்தவர் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளர் நத்தானியல் வாலிச். ஆனால் அதே பெயர் 1825-லேயே தென்னாப்பிரிக்க மரம் ஒன்றுக்குப் போய்விட்டது. தாவரப் பெயரிடல் விதிப்படி முந்தியதற்கே உரிமை, பிந்தியது செல்லாது. எனவே செக் நாட்டுத் தாவரவியலாளர் பிரெஸ்ல், வாலிச்சின் பெயரையே வைத்து மாற்றுப்பெயர் கொடுத்தார். 1891-இல் தாவரவியலாளர் குன்ட்சே அதை நாகியா பேரினத்துக்கு மாற்றினார். பின்னர் 1969-இல் இம்மரத்துக்கு டெக்கஸோகார்பஸ் என்றொரு பேரினமும் வந்து, அதே விதிகளால் விழுந்தது.

இதில் கவனிக்க வேண்டியது மூலமாதிரி, அதாவது ஒரு பெயர் எதைக் குறிக்கிறது என்பதை நிர்ணயிக்கும் மாதிரி. மாற்றுப்பெயர் வைத்தால் மாதிரி மாறாது. இன்றைய பெயரும் வாலிச் காலத்து உலர்மாதிரியோடுதான் கட்டுண்டிருக்கிறது. அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் எடுத்ததல்ல. தென்னிந்தியாவின் ஒரே இயல்வகை ஊசியிலை மரத்தை அந்தத் தொலைதூர மாதிரியோடு நுணுக்கமாக ஒப்பிடுவது அவசியமான வேலை என்பது என் உறுதியான கருத்து.

காட்டில் பார்த்தால் ஊசியிலை மரம் என்றே நம்ப மாட்டீர்கள். இலை அகலமானது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: நடுநரம்பு கிடையாது, மெல்லிய நரம்புகள் அடியிலிருந்து நுனிவரை இணையாக ஓடும். பறிக்காமல், கிளையிலேயே வைத்துப் பாருங்கள். இங்கே இது அரிதான மரம்.