பழைய கோப்பில் தமிழ் உடைகிறதா?

மீமிசல் கடைத்தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்த பழைய கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறதா? கோப்பு கெடவில்லை. பெரும்பாலும் அது பாமினி எழுத்துருவில் தட்டியதாக இருக்கும். அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு உரிய விசை அரைப்புள்ளிதான். பாமினியை நிறுவி, வரிகளைத் தேர்ந்தெடுத்து அந்த எழுத்துருவை இட்டாலே தமிழ் திரும்பிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் கொம்பு, துணைக்கால், ‘ஸ்ரீ’ இவற்றை ஒருமுறை கண்ணால் பாருங்கள். மாப்பிள்ளை பெயரில் பிழை வந்தால் சம்பந்தி வீட்டுக்கு யார் பதில் சொல்வது?

யூனிகோடும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. விண்டோஸ் 2000இல் லதா வந்தது, விண்டோஸ் 8இல் நிர்மலா. லினக்ஸ் என்றால் நோட்டோ தமிழை நிறுவுங்கள்.

பெரிதாக்கும்போது எழுத்தின் ஓரம் படிக்கட்டாக உடைந்தால் அது பிட்மேப்: ஒரே அளவுக்குப் புள்ளி வைத்து வரைந்த எழுத்து. கோலத்தை இழுத்துப் பெரிதாக்க முடியுமா? ட்ரூடைப் எழுத்துருவுக்கு மாறுவதே வழி. அச்சகத்துக்கு, எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப்பாகவே கொடுங்கள்.