துன்பத்தினூடாக வளரும் விசுவாசம்: புனித யோசேவாஸ் அடிகளாரோடு ஒரு வாரம்



துன்பத்தையும் விசுவாசத்தையும் பற்றிய வினா எந்த வடிவில் வந்தாலும், பெரும்பாலான விடைத்தாள்களில் ஒரே வசனத்தையே காணலாம்: "துன்பம் என்பது கடவுள் எமக்குத் தரும் சோதனையாகும்." இதை முற்றிலும் பிழை என்று கூற முடியாது. ஆனால் இதற்கு மேல் எழுத எதுவும் இல்லாதவர் புள்ளிகளை இழப்பார். அதைவிட முக்கியமாக, உண்மையான துன்பமொன்று வீட்டு வாசலுக்கு வரும்போது இந்த ஒரு வசனம் அவரைத் தாங்கப் போவதில்லை.

ஆகவே இந்த அலகை மனனஞ் செய்யாமல் ஒரு வாரம் சிந்தித்துப் படிப்போம். இரவில் பாடப் புத்தகங்களைத் திறக்குமுன் கால் மணிநேரம் ஒதுக்குங்கள். விவிலியமும் ஓர் அப்பியாசக் கொப்பியும் போதும். இலங்கையின் முதற் புனிதரான யோசேவாஸ் அடிகளாரின் வரலாறு இவ்வாரம் முழுவதும் எம்முடன் வரும்.

திங்கட்கிழமை: யார் செய்த பாவம்?

வாசிக்க: லூக்கா 13:1-5, யோவான் 9:1-3

2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும் கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. வழிபாட்டுக்கு வந்தவர்கள் இறந்தார்கள். சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களுள் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் பலர். "கோயிலுக்குப் போனவர்களைக் கடவுள் ஏன் காப்பாற்றவில்லை?" என்று அன்று கேட்காதவர் இல்லை.

இக்கேள்வி இயேசுவிடமும் வந்தது. பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்றான் என்ற செய்தியைச் சிலர் அவரிடம் கொண்டுவந்தனர். வழிபாட்டு வேளையிலேயே கொல்லப்பட்டவர்கள் அவர்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரும் பாவிகள் என்ற எண்ணத்தை இயேசு மறுக்கிறார். சீலோவாமில் கோபுரம் இடிந்து இறந்த 18 பேரையும் தாமாகவே குறிப்பிட்டு, அவர்களைப் பற்றியும் அவ்வாறே கூறுகிறார். ஒன்று மனிதர் செய்த கொலை, மற்றது விபத்து. இரண்டிலும் இறந்தவர்மேல் பழி போட அவர் இடங்கொடுக்கவில்லை. கேட்பவர்களே மனம் மாற வேண்டும் என்கிறார். பிறவிக் குருடரைப் பற்றிச் சீடர்கள் கேட்டபோதும், அது அவர் செய்த பாவமும் அல்ல, அவரது பெற்றோர் செய்த பாவமும் அல்ல என்பதே பதில்.

யாக்கோபு திருமுகத்தின் முதலாம் அதிகாரத்தையும் இத்துடன் சேர்த்துப் பாருங்கள். சோதனைகளால் விசுவாசம் உறுதிபெறும் என்று 2-4 வசனங்கள் கூறுகின்றன. கடவுள் எவரையும் தீமைக்குத் தூண்டிச் சோதிப்பதில்லை என்று 13ஆம் வசனம் கூறுகிறது. மூலமொழியாகிய கிரேக்கத்தில் இரண்டிடத்திலும் ஒரே சொல்லடிதான் வருகிறது, அதனாலேயே குழப்பம். துன்பம் வரும், அதற்குள் விசுவாசம் வளரலாம். ஆனால் ஒருவரை விழுத்துவதற்காகக் கடவுள் துன்பத்தை அனுப்புகிறார் என்று யாக்கோபு சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை எழுதும் மாணவரின் விடை தனித்துத் தெரியும்.

கொப்பியில் எழுதுக: உமது ஊரில் ஒருவருக்குத் துன்பம் நேர்ந்தபோது "அது அவர் செய்த வினை" என்று நீர் நினைத்ததுண்டா?

செவ்வாய்க்கிழமை: குரு இல்லாத ஆண்டுகள்

வாசிக்க: மத்தேயு 10:16-23

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். கத்தோலிக்க குருக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஏறத்தாழ 30 ஆண்டுகள் திருப்பலியும் பாவசங்கீர்த்தனமும் இன்றி மக்கள் வாழ்ந்தனர். அக்காலத்தில் பிறந்த பிள்ளை ஒரு குருவானவரைக் காணாமலே வளர்ந்து, மணமுடித்து, தானும் பிள்ளை பெற்றிருக்கும். அவ்வீடுகளில் செபமாலை நின்றுவிடவில்லை. எமது பாடநூல்களில் யோசேவாஸ் அடிகளாருக்குப் பல பக்கங்கள் உண்டு. பெயர் தெரியாத இந்தத் தாய்மாருக்கும் பேத்தியாருக்கும் சில வரிகளே உண்டு. அவர்கள் காத்து வைத்திராவிட்டால் அடிகளார் தேடி வர எவர் இருந்திருப்பார்?

யோசேவாஸ் 1651 ஏப்ரல் 21இல் கோவாவில் பெனோலிம் என்னும் ஊரிற் பிறந்தவர். 1676இல் குருவானார். இலங்கைக் கத்தோலிக்கரின் நிலையைக் கேள்வியுற்று, ஏழைக் கூலியாளைப் போல் உடை அணிந்து, யோவான் என்னும் துணைவருடன் 1687இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கடற்பயணத்தின் கொடுமையால் வந்தவுடனேயே கடும் வயிற்றுளைவினால் வீழ்ந்தார். பிறர் கொடுத்த கஞ்சியே அவரைப் பிழைக்க வைத்தது. பணியாற்ற வந்தவர் முதலில் பிறரது பணியைப் பெற வேண்டியவரானார்.

எழும்பி நடமாடத் தொடங்கியதும், கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டு எந்த வீட்டவரின் முகம் மாறுகிறதென்று கவனித்தார். அப்படியே கத்தோலிக்கரை அடையாளங் கண்டு, பின்னர் சில்லாலையில் தங்கி இரவு வேளைகளில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். 1689ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் ஒல்லாந்தர் கத்தோலிக்கரைக் கைதுசெய்து துன்புறுத்தினர். அடிகளார் அவர்கள் கையில் அகப்படாமல் யாழ்ப்பாணத்தை விட்டு, கண்டி அரசனின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்திற்குச் சென்றார்.

"அவர் ஓடிப்போனார்தானே?" என்று வகுப்பில் ஒருவராவது கேட்பார். நல்ல கேள்வி. மத்தேயு 10:23ஐப் பாருங்கள்: ஓர் ஊரில் துன்புறுத்தினால் வேறோர் ஊருக்கு ஓடிச்செல்லுமாறு சீடர்களுக்குச் சொன்னவர் இயேசுவே. துன்பத்தைத் தேடிப்போவது கிறிஸ்தவ விசுவாசம் அல்ல. தப்பக்கூடிய துன்பத்திலிருந்து தப்புவது விசுவாசக் குறைவும் அல்ல. வீட்டிலோ வெளியிலோ ஒருவர் உம்மை அடித்தாலோ தகாத முறையில் நடத்தினாலோ, "இது நான் சுமக்க வேண்டிய சிலுவை" என்று மறைத்து வைக்காதீர். நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம் சொல்லும். அவர் நம்பாவிட்டால் இன்னொருவரிடம் சொல்லும்.

புதன்கிழமை: கண்டிச் சிறை

வாசிக்க: திருத்தூதர் பணிகள் 16:16-34, உரோமையர் 5:3-5

1692இல் அடிகளார் கண்டிக்குச் சென்றார். அவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் குற்றஞ்சாட்டினார். அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறையிலிட்டான்.

வந்த வேலை தொடங்குமுன்னே சிறை. துணைக்கு வேறு குருவானவர் எவரும் இலங்கையில் இல்லை. இந்நிலையில் அவர் செய்த முதல் வேலை சிங்கள மொழியைக் கற்றது. பரீட்சைக்குப் படிக்கும் உங்களுக்கு இது சற்று ஆறுதலாக இருக்கலாம்: புனிதரும் சிறைக்குள் இருந்து பாடம் படித்தார்! காவல் சற்றுத் தளர்ந்ததும் அங்கேயே ஒரு சிறு குடிசைக் கோயில் அமைத்தார். தப்பி ஓட முயலவில்லை. அதனாலேயே காவலரின் நம்பிக்கையும், பின்னர் அரசனின் நம்பிக்கையும் அவருக்குக் கிடைத்தன.

பிலிப்பி நகரச் சிறையில் பவுலும் சீலாவும் இருந்ததை இதனுடன் ஒப்பிடுக. அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்ட நிலையில் நள்ளிரவில் அவர்கள் பாடினர். நிலநடுக்கத்தால் கதவுகள் திறந்தபோதும் ஓடவில்லை. அதனால் சிறைக்காவலரின் உயிர் தப்பியது. அவ்விரவே அவரது வீட்டார் அனைவரும் திருமுழுக்குப் பெற்றனர். பிற்காலத்தில் பவுல் அந்நகரச் சபைக்குக் கடிதம் எழுதியபோது மீண்டும் ஒரு சிறையில் இருந்தார். அந்தக் கடிதத்தில் மகிழ்ச்சி என்ற கருத்து திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம்.

இப்போது உரோமையர் 5:3-5க்கு வாருங்கள். துன்பம், மனவுறுதி, தகைமை, எதிர்நோக்கு ஆகிய நான்கையும் வரிசையாக எழுதிவிட்டு நிறுத்தினால் அது பாடமாக்கல் மட்டுமே. இவற்றுள் ஒன்றிலிருந்து மற்றது எப்படிப் பிறக்கிறது என்பதை எடுத்துக்காட்டால் விளக்க வேண்டும். அடிகளாருக்குச் சிறை துன்பம். நாள்தோறும் ஒரு புதுச் சொல்லைக் கற்றபடி அங்கே நிலைத்து நின்றது மனவுறுதி. 'இவர் ஒற்றர் அல்லர்' என்று பிறர் கண்டுகொள்ளும்படி பரீட்சிக்கப்பட்டு நிலைபெற்ற குணம் தகைமை. கண்ணுக்குத் தெரியாத எதிர்காலத் திருச்சபைக்காகச் சிறைக்குள்ளே கோயில் கட்டியது எதிர்நோக்கு. துன்பம் தானாக எவரையும் நல்லவராக்குவதில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். துன்பத்தால் மனம் கசந்து போனவர்களையும் நாம் அறிவோம். அதே வசனங்களில் தூய ஆவியாரைப் பற்றிப் பவுல் குறிப்பிடுவது இதனாலேயே.

இன்னுமொன்று. அடிகளாரைத் தேடித் துரத்தியது ஒரு கிறிஸ்தவ அரசு. இறுதியில் அவருக்குப் பாதுகாப்பளித்தவன் ஒரு பௌத்த அரசன். இதை விடையில் எழுதுவோர் மிகச் சிலரே.

வியாழக்கிழமை: மழை

1696இல் கண்டியில் கடும் வரட்சி. அரசனின் வேண்டுகோளின்படி அடிகளார் வெளியிடத்தில் பீடமும் சிலுவையும் அமைத்து மன்றாடினார் என்றும், மழை பொழிந்தது என்றும் மரபு கூறுகிறது. அதன்பின் சுதந்திரமாகப் பணியாற்ற அனுமதி கிடைத்தது. மாணவர்கள் முதலில் எழுதுவதும் அதிகமாக எழுதுவதும் இதையே. கதை சுவையானதுதான். ஆயினும் மழைக்கு முந்திய நான்கு ஆண்டுகளையும் எழுதாவிட்டால் விடை அரைகுறையானதே. இன்று வேறு வாசகம் இல்லை; புதன்கிழமைக் குறிப்பை ஒருமுறை மீட்டுப் பார்க்கவும்.

வெள்ளிக்கிழமை: கேட்டும் கிடைக்காதபோது

வாசிக்க: மத்தேயு 26:36-46, 2 கொரிந்தியர் 12:7-10, திருப்பாடல் 88

எல்லோர் மன்றாட்டுக்கும் மழை பெய்வதில்லை. கெத்சமனியில் இயேசு துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகல வேண்டுமென மன்றாடினார். மத்தேயுவின்படி மூன்று முறை சென்று மன்றாடினார். பவுலும் தம் உடலில் தைத்த முள்ளை நீக்குமாறு மூன்று முறை வேண்டினார். அந்த முள் எதுவென்று அவர் கூறவில்லை. கிண்ணமும் அகலவில்லை, முள்ளும் நீங்கவில்லை. எனவே "விசுவாசம் போதாதபடியால்தான் உன் செபம் கேட்கப்படவில்லை" என்று எவரேனும் உம்மிடம் சொன்னால், இவ்விரு பகுதிகளையும் அவருக்குக் காட்டலாம். பவுலுக்குக் கிடைத்த பதில் வேறு: அருள் போதும், வல்லமை வலுவின்மையிலேயே முழுமை பெறும் என்பது.

திருப்பாடல் 88ஐ மெதுவாக வாசியுங்கள். புலம்பல் திருப்பாடல்கள் பெரும்பாலும் புகழ்ச்சியிலோ நம்பிக்கையிலோ முடியும். உதாரணமாகத் திருப்பாடல் 13ஐப் பார்க்கலாம். ஆனால் 88 இருளிலேயே முடிகிறது. ஆறுதலான கடைசி வரி அதில் இல்லை. அப்படியிருந்தும் அது செபப் புத்தகத்துள் இடம்பெற்றுள்ளது. அழுகையோடும் கோபத்தோடும் கடவுளிடம் பேசுவதும் விசுவாசமே. பேசுவதை நிறுத்திவிடாததே அங்கு விசுவாசத்தின் அடையாளம்.

கொப்பியில் எழுதுக: நீர் கேட்டும் கிடைக்காத ஒன்றைப் பற்றிக் கடவுளுக்கு ஐந்து வரிகள். இதை ஆசிரியரிடம் காட்டத் தேவையில்லை.

சனிக்கிழமை: வைசூரி

வாசிக்க: 2 கொரிந்தியர் 1:3-7

1697இல் கண்டியில் வைசூரி பரவியது. நோயாளரை விட்டு உறவினரே ஓடினர். அடிகளாரும், அவரது உறவினரான கர்வாலோ அடிகளாரும் கைவிடப்பட்டோரைத் தேடிச்சென்று பராமரித்தனர், உணவளித்தனர், இறந்தோரை அடக்கஞ் செய்தனர். மதபேதம் பார்க்கவில்லை.

பத்து ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்தில் நோயாளியாய்க் கிடந்து கஞ்சி வாங்கிக் குடித்தவர் இப்போது கண்டியில் கஞ்சி ஊட்டுகிறார். தாம் துன்பத்தில் பெற்ற ஆறுதலைக் கொண்டே துன்புறுவோருக்கு ஆறுதல் அளிக்கலாம் என்று பவுல் எழுதுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எமது நாட்டு வரலாற்றில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அவர் 1711 ஜனவரி 16இல் கண்டியிற் காலமானார். 1995 ஜனவரி 21இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராகவும் பிரகடனஞ் செய்தனர். இரண்டு நிகழ்வும் கொழும்பு காலிமுகத்திடலில் நடைபெற்றன. இவ்விரு திகதிகளையும் மாற்றி எழுதுவது வழமையான தவறு.

ஞாயிற்றுக்கிழமை: பயிற்சி

திருப்பலியின்பின் பின்வரும் வினாவுக்கு அரை மணிநேரத்தில் விடை எழுதுக.

"அமலனின் தந்தை கடலில் காணாமற்போய் ஒரு வருடமாகிறது. தாய் நாள்தோறும் செபிக்கிறார். 'செபித்து என்ன பயன்?' என்று அமலன் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டான்." (அ) அமலனின் கேள்வியைப் போன்ற கேள்வி விவிலியத்தில் எழும் இரண்டு இடங்களைக் குறிப்பிடுக. (ஆ) யோசேவாஸ் அடிகளாரின் வாழ்விலிருந்து அவனுக்குப் பொருந்தும் ஒரு நிகழ்வை விளக்குக. (இ) நீர் அவனுடைய நண்பராயின் என்ன செய்வீர்?

(அ) பகுதிக்குத் திங்கள், வெள்ளி வாசகங்கள் உதவும். (ஆ) பகுதிக்கு மழை நிகழ்வைத் தெரிவுசெய்வோர் கவனமாக இருக்க வேண்டும். தந்தை திரும்பி வராத பிள்ளையிடம் அக்கதையைச் சொன்னால் அவன் மனம் என்னாகும் என்று முதலில் யோசித்துப் பாருங்கள். (இ) பகுதிக்கு "அவனுக்காகச் செபிப்பேன்" என்று மட்டும் எழுதுவோர் பலர். அது சரியே, ஆனால் போதாது. கடந்த வருடம் ஒரு மாணவி தன் பயிற்சிக் கொப்பியில் இப்படி எழுதியிருந்தாள்: "நான் அவனிடம் ஒன்றும் சொல்ல மாட்டேன். பின்னேரத்தில் அவன் அம்மா கரைக்குப் போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு நானும் போய் நிற்பேன்." அதற்கு முழுப் புள்ளியும் கொடுத்தேன்.