ஸ்மார்ட் போர்டு வகுப்பா? ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

1. பாடநூலின் கியூஆர் கோடை தீக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்து, வீடியோவை முதல் நாளே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். வகுப்பு நேரத்தில் நெட் காலை வாரும்.

2. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து திரையைப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பாதி எழுத்து தெரியாது.

3. வீடியோவை ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். ஒளிச்சேர்க்கை பாடமா? இலையில் வெயில் விழும் காட்சியில் நிறுத்தி, ‘இனி என்ன நடக்கும்?’ என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தப்பாக எழுதிய பிள்ளைதான் மீதியைக் கண்கொட்டாமல் பார்க்கும். நிறுத்தாமல் ஓடினால் அது வெறும் சினிமா!

4. ஸ்மார்ட் போர்டு பயிற்சியில் கற்றதை அந்த வாரமே ஒரு பாடத்தில் செய்துவிடுங்கள். ஆறப்போட்டால் மறந்துவிடும்.

5. சாக்பீஸ் கைவசம் இருக்கட்டும். கரன்ட் சொல்லிக்கொண்டு போகாது.