எடை ஒன்றுதான், இடம்தான் வேறு!

மாணவர்களே, ஒரு டிரெய்லர் 400 கிலோகிராம் சரக்கைத் தாங்கும் என்றால், அந்தச் சரக்கை எந்த இடத்தில் வைத்தாலும் ஒன்றுதானா?

அமெரிக்காவில் 'டாய் ஹாலர்' என்ற டிரெய்லர்கள் உண்டு. முன்பகுதியில் படுக்கையும் சமையலறையும் இருக்கும். பின்பகுதியில் மோட்டார் சைக்கிள்களை ஏற்றுவார்கள். பின்கதவைத் தரையில் சாய்த்தால் அதுவே சாய்தளம். பிக்அப் வாகனத்தின் கொக்கியில் மாட்டி இதை இழுத்துச் செல்வார்கள்.

டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியை அழுத்த வேண்டும் என்பது பொது விதி. இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். டிரெய்லரின் எல்லாப் பகுதிகளிலும் புவியீர்ப்பு ஒன்றே என்பதால் கிலோகிராமிலேயே கணக்கிடலாம்.

வெறும் டிரெய்லர் 3000 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். கொக்கியில் 400 கிலோகிராம் அழுத்துகிறது. அதாவது 13 விழுக்காடு. கொக்கிக்கும் சக்கர அச்சுக்கும் இடையே 5 மீட்டர். இப்போது 400 கிலோகிராம் மோட்டார் சைக்கிள்களை அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் ஏற்றுகிறோம். அச்சைச் சுற்றிய திருப்புத்திறன் 400 × 2 = 800. இதை 5 ஆல் வகுத்தால் 160. கொக்கியின் மீதுள்ள அழுத்தம் அந்த அளவு குறைந்து 240 ஆகிறது. மொத்த எடையோ 3400. எனவே வெறும் 7 விழுக்காடுதான்!

இதனால் என்ன ஆபத்து? பெரிய லோரி ஒன்று முந்திச் செல்லும்போது காற்று டிரெய்லரைப் பக்கவாட்டில் தள்ளும். எடை சரியாகப் பரவியிருந்தால் டயர்கள் அந்த ஆட்டத்தை அடக்கிவிடும். பின்கனம் மிகுந்தால், குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் ஆட்டம் வரவரப் பெரிதாகும். இழுக்கும் வாகனமும் சேர்ந்து கவிழலாம். ஆட்டம் தொடங்கினால் ஓட்டுநர் ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பாமல், வேகத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அதே மோட்டார் சைக்கிள்களை அச்சுக்கு நேர்மேலே நகர்த்தினால்? கொக்கியில் 400 கிலோகிராம் அப்படியே இருக்கும்; ஏறத்தாழ 12 விழுக்காடு. ஒரு கிலோகிராமையும் இறக்காமலே ஆபத்து நீங்கியது. ஆனால் முன்கனமும் அளவு மீறக்கூடாது. மீறினால், இழுக்கும் வாகனத்தின் முன்சக்கரங்களில் பிடிப்பு குறையும்.

நீங்களே செய்து பாருங்கள்: மீட்டர் அளவுகோலின் தொடக்க முனையை மின்னியல் தராசின் மேல் வையுங்கள். 70 சென்டிமீட்டர் குறிக்குக் கீழே ஒரு பென்சிலை, தராசின் உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, அவற்றின் மேல் வையுங்கள். பென்சில்தான் அச்சு, தராசுதான் கொக்கி. ஐந்து நாணயங்களை 90, 70, 50 ஆகிய குறிகளில் மாறி மாறி வைத்து, தராசு காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் அளவு குறைகிறது? காரணத்தைத் திருப்புத்திறனைக் கொண்டு விளக்குங்கள்.