பேய்க்கதையும் இடைநிற்கும் கதைசொல்லியும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை எண்ணுமிடத்து நகையை முதலிலும் அச்சத்தை ஐந்தாவதாகவும் வைத்தார். அச்சம் தோன்றும் நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு என்றும் வகுத்தார். நகைக்கும் அச்சத்துக்கும் நிலைக்களன்கள் வேறாயினும், இவ்விரண்டும் ஒரே திண்ணையில் அருகருகே அமர்வதை நம் வாழ்வில் பலகாலும் காண்கிறோம். பேய்க்கதை கேட்கும் குழந்தை போர்வைக்குள் ஒடுங்கியவாறே சிரிக்கிறது. அச்சிரிப்பை வருவிப்பது கதையன்று. கதையைச் சொல்லும் பாட்டியே. கதைக்கும் கேட்போர்க்கும் இடையே நிற்கும் அத்தகைய ஒருவரைப் பற்றியதே இக்கட்டுரை. அவர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு வடிவம் கொண்டார். தமிழில் வேறு வடிவங்களில் நெடுங்காலம் வாழ்ந்தார். நம் தொலைக்காட்சியிலோ முறையாக இடம் பெறாது போனார். அவ்விழப்பு சிறிதன்று என்பது என் கருத்து.

அமெரிக்க நாட்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1954ஆம் ஆண்டு கே.ஏ.பி.சி. என்னும் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையம் நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் பழைய அச்சப்படங்களை ஒளிபரப்பியது. மைலா நூர்மி என்னும் நடிகை கருநிற உடையும் வெளிறிய முகமுமாகத் தோன்றி, 'வாம்பைரா' என்ற பெயரில் அப்படங்களை அறிமுகம் செய்தார். படம் மட்டமானதாயின் அதனை அவரே எள்ளி நகையாடினார். 1957இல் யுனிவர்சல் நிறுவனத்தின் பழைய படங்கள் 52 ஒரு தொகுதியாகத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்கப்பட்டன. அதன்பின் ஊர்தோறும் இத்தகைய கதைசொல்லிகள் தோன்றினர். பிலடெல்பியாவில் ஜான் சாக்கர்லி, சிகாகோவில் 1970 முதல் 'ஸ்வெங்கூலி' என்னும் பாத்திரம், 1981இல் மீண்டும் லாஸ் ஏஞ்சல்ஸில் 'எல்வைரா' எனப் பெயர் பூண்ட கசாண்ட்ரா பீட்டர்சன் என இவ்வரிசை நீளும்.

இதன் தோற்றத்துக்குக் காரணம் கலையார்வம் என்று எவரேனும் கூறின் அது முழுவுண்மை ஆகாது. பழைய படங்கள் குறைந்த விலைக்குக் கிடைத்தன. நள்ளிரவு நேரத்தை விளம்பரதாரர் பெரிதாக விரும்பவில்லை. அந்நேரத்தை நிரப்ப நிலையத்தாருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டார். படத்தின் இடையே விளம்பரம் வரும்போது பார்ப்போர் எழுந்து போகாமல் பிடித்து வைப்பதும் அவர் கடமை. எனினும் சிக்கனத்தில் பிறந்த ஏற்பாடு ஒரு நுண்ணிய பயனை விளைத்தது. சவப்பெட்டியிலிருந்து எழுந்து வரும் அவ்வுருவம் ஒருபால் அச்சத்தை வளர்த்தது; மறுபால் "இது வெறும் படம்" என்று கண்சிமிட்டியது. பார்ப்போர் அச்சத்தின் உள்ளே செல்லவும் வெளியே மீளவும் ஒரே வாயிலில் ஒருவரே காவல் நின்றார்.

இவ்வமைப்பை நாம் புதிதெனக் கருத வேண்டுவதில்லை. ஆயிரத்தோரு இரவுகளின் ஷஹ்ரஜாத் இரவில் கதை தொடங்கி விடியலில் நிறுத்துகிறாள். வேதாளக் கதைகளில் பிணத்துள் குடிகொண்ட வேதாளமே கதைசொல்லி. தமிழிலோ இதற்கு மிக நெருங்கிய சான்று செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி. முதற்குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் போரைப் பாடும் அந்நூலில் போரை நமக்குச் சொல்வோர் யாவர்? புலவர் நேரே சொல்வதில்லை. களத்திலிருந்து ஓடிவரும் ஒரு பேய் காளியிடம் சொல்கிறது; காளிக்குக் கூளி கூறியது என்றே அப்பகுதி பெயர் பெற்றுள்ளது. கூழ் அடும் பகுதியில் குருட்டுப் பேய், ஊமைப் பேய் எனப் பலவகைப் பேய்கள் பந்தியில் அமர்கின்றன. பிணமும் குருதியும் நிறைந்த அக்களத்தைப் படிக்கும் மாணவர் வகுப்பில் சிரித்துவிடுவதை ஆசிரியர் பலரும் கண்டிருப்பர். அச்சிரிப்பைத் தவறென்று அதட்டுதல் கூடாது. புலவர் விரும்பியதும் அதுவே.

அந்நூலின் இந்திரசாலப் பகுதி இன்னும் வியப்புக்குரியது. இமயத்தில் மாயவித்தை கற்று வந்த ஒரு முதுபேய் காளியின் முன்னிலையில் பொய்த்தோற்றங்களைக் காட்டுகிறது. குருதி ஆறும் பிணக்குவியலும் கண்ணெதிரே விரிகின்றன. பசியால் வாடிய பேய்கள் அவற்றை மெய்யென்று நம்பிப் பாய்ந்து விழுகின்றன. வெறுங்காற்றைக் கடித்துப் பல்லோடு பல் மோதி ஏமாறுகின்றன. நிறுத்தச் சொல்லிக் காளியிடம் மன்றாடுகின்றன. நிழற்படக் கருவி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே, திரையில் கண்டதை மெய்யெனக் கொண்டோரின் நிலையைச் செயங்கொண்டார் பாடிவிட்டார் என்றால் மிகையாகாது. காட்டுவோன் காட்டுவது வித்தை என்று அறிவான், காண்போர் அறியார். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

தென்மாவட்டக் கொடைவிழாக்களில் இரவு முழுதும் நிகழும் வில்லுப்பாட்டிலும் இவ்விடைநிற்பவர் உண்டு. கொலையுண்டு தெய்வமானோர் கதைகளைப் புலவர் பாட, பக்கத்தில் இருப்பவர் "ஆமா" என்று ஏற்றுப் பாடுவார்; இடையில் ஒரு கேலி சொல்லிக் கூட்டத்தை நகைக்கவும் வைப்பார். தெருக்கூத்தில் அப்பணியைக் கட்டியங்காரன் செய்வான். நம் மரபில் அச்சக்கதை தனியே வந்ததில்லை. கைப்பிடித்து அழைத்து வருவோர் ஒருவரோடுதான் வந்தது.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியைப் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் நாட்காட்டிக்கும் உரிய ஊராகவே உலகம் அறியும். தமிழ்ச் சித்திரக்கதைக்கும் அதுவே தலைநகர் என்பதைப் பலர் அறியார். 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யுடன் தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் அவ்வூர் அச்சகங்களிலிருந்தே தமிழ்நாடெங்கும் பரவின. 1986இல் அங்கிருந்தே 'திகில் காமிக்ஸ்' என்னும் இதழும் வெளிவரத் தொடங்கியது. அச்சக்கதைகளுக்கென்றே பெயர் சூட்டப்பட்ட அவ்விதழின் வாசகர் இன்றளவும் மறவாத பாத்திரம் 'கறுப்புக் கிழவி'. அவள் எக்கதைக்கும் தலைவியல்லள். கதை சொல்ல வருபவள். சொல்லி முடித்து அகல்பவள். அமெரிக்கச் சித்திரக்கதைகளில் 1950 முதல் தோன்றிய கல்லறைக் காவலன் ஒருவன், 1989இல் எச்.பி.ஓ. தொலைக்காட்சிக்குக் குடிபெயர்ந்து அங்கும் கதைசொல்லியாகவே விளங்கினான். நம் கறுப்புக் கிழவிக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. வாடகை நூல்நிலையங்களிலும் பள்ளிப் பைகளிலும் சுற்றிய அவள் சின்னத்திரை ஏறாமலே நின்றுவிட்டாள். அச்சகத்திலிருந்து படப்பிடிப்பு நிலையத்துக்குப் போகும் வழி சிவகாசியிலிருந்து சற்றுத் தொலைவுதான்!

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கியது. 1985இல் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய 'விக்ரம் அவுர் பேதாள்' தொடரில் வேதாளம் கதைசொல்லியாகவே வந்தது; குழந்தைகள் அதனைக் கண்டு அஞ்சவும் செய்தனர், காத்திருக்கவும் செய்தனர். தனியார் அலைவரிசைகள் பெருகியபின் நிலைமை மாறியது. 1993இல் ராம்சே சகோதரர்களின் 'ஜீ ஹாரர் ஷோ', 1995இல் சோனி அலைவரிசையின் 'ஆஹட்' ஆகியன இந்தியில் வந்தன. தமிழில் 1990களின் பிற்பாதியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய 'மர்மதேசம்' தொடர்கள் வந்தன. அவற்றுள் 'விடாது கருப்பு' நம் பகுதியினர் தம் ஊர்க்கதையாகவே கொண்டாடிய ஒன்று. குதிரையேறி வரும் கருப்பசாமி, குற்றம் செய்தோர்க்குக் கிடைக்கும் தண்டனை, நள்ளிரவுக் குளம்பொலி ஆகியவை ஊர்க்காவல் தெய்வங்களை அறிந்த எவரையும் உலுக்குவன. மனநோய் என்னும் விளக்கத்தையும் தெய்வம் என்னும் நம்பிக்கையையும் அருகருகே வைத்துச் சென்றது அதன் சிறப்பு. மதுரையில் வாழ்ந்து 2024 நவம்பரில் மறைந்த அதன் ஆசிரியருக்கு இம்மண்ணின் அச்சங்கள் நன்கு தெரிந்திருந்தன.

ஆயினும் இத்தொடர்களில் கதைசொல்லி இல்லை. பாடல் ஒலிக்கும், பேய் வரும், விளம்பரம் வரும், மீண்டும் பேய் வரும். இடையில் நின்று நம்மைப் பார்த்துப் பேசுவோர் எவருமிலர். அவ்வெற்றிடத்தை யார் நிரப்பினர் என்பதை எங்கள் தெருவைக் கொண்டே சொல்லக்கூடும். சிவகாசிக்கும் விருதுநகருக்கும் இடைப்பட்ட சிற்றூர் அது. தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீட்டில் பதினைந்து பேராவது கூடுவர். பெண்கள் மடியில் முறத்தை வைத்துத் தீப்பெட்டி ஒட்டியவாறே பார்ப்பர். விடியுமுன் ஆலைப் பேருந்து வந்துவிடும் என்பதால் சிலர் பாதியில் எழுந்து போவர். மறுநாள் அவர்களுக்கு மீதிக்கதையைச் சொல்வார் எதிர்வீட்டு அப்பத்தா. படம் ஓடும்போதும் அவர் வாய் ஓயாது. வெள்ளைச்சேலைப் பேய் ஒன்று மூன்றாம் முறை வந்தபோது, "எத்தனை தரம் வாரா, சேலையில ஒரு அழுக்கு இருக்கா பாருங்கடி. என்ன சோப்புப் போடுறாளோ!" என்றார். அடுத்த நொடி திரையில் வந்தது சலவைச்சோப்பு விளம்பரம். வீடே அதிர்ந்து சிரித்தது. அதுவரை என் கையை இறுகப் பிடித்திருந்த தங்கை அன்று தனியே எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். வாம்பைராவின் பெயரைக்கூடக் கேட்டறியாத அப்பத்தா அப்பெண்மணியின் தொழிலைக் குறைவறச் செய்தார் என்று இப்போது தோன்றுகிறது.

பின்னர்த் தொலைக்காட்சியில் கதைசொல்லிகள் வராமற் போகவில்லை. வந்தனர், ஆனால் வேறு முகத்தோடு வந்தனர். 2006இல் ஸ்டார் ஒன் அலைவரிசையில் நடிகர் இர்ஃபான் கான் தொகுத்தளித்த நிகழ்ச்சியின் பெயரே 'நம்பினாலும் நம்பாவிட்டாலும்' என்னும் பொருள்பட அமைந்தது. தமிழிலும் ஜீ தமிழ் அலைவரிசை 'நம்பினால் நம்புங்கள்' என்னும் நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. பெயரில் தெரிவுரிமை பார்ப்போரிடம் விடப்பட்டதாகத் தோன்றும். ஆனால் இவ்வகை நிகழ்ச்சிகளின் போக்கை ஊன்றி நோக்கின், இடிந்த மாளிகையின் முன்னோ சுடுகாட்டின் முன்னோ நின்று தாழ்ந்த குரலில் பேசும் தொகுப்பாளர் நகைப்பதே இல்லை என்பது புலனாகும். எல்வைரா கற்பனையைக் கற்பனை என்று காட்டிக்கொடுத்தார். இவர்கள் ஐயத்துக்குரியதை மெய்யின் அருகே நகர்த்தி வைத்தனர். முதுபேயின் வித்தையை விடுத்து, வித்தை காட்டுவோன் தானும் குருதி ஆற்றைக் கண்டதாகச் சாட்சி சொன்னால் எப்படியிருக்கும்? அத்தகையது இது. 2009இல் வெளிவந்த 'யாவரும் நலம்' திரைப்படத்தில் ஒருவன் தன் குடும்பத்தின் வாழ்வே தொலைக்காட்சித் தொடராக ஓடுவதைக் கண்டு நடுங்குகிறான். கதைசொல்லி அற்ற பெட்டி வீட்டையே விழுங்கும் நிலைக்கு அது நல்ல உருவகம்.

இதில் என்ன கேடு, பொழுதுபோக்குத்தானே என்று பெரியோர் சிலர் கேட்கலாம். வேறு ஊர்களில் அவ்வினா பொருந்தக்கூடும். பட்டாசு ஊர்களில் அச்சம் என்பது பொழுதுபோக்குப் பொருள் மட்டுமன்று. பகலில் தொலைவில் ஓர் ஒலி கேட்டால் எங்கள் பெண்கள் முதலில் வாசலுக்கு வந்து எத்திசையில் புகை எழுகிறது என்று பார்ப்பர். அத்திசையில் வேலைக்குப் போனோர் யார் யார் என்று மனத்துள் எண்ணுவர். தொல்காப்பியர் கூறிய நான்கு நிலைக்களன்களில் இது எதனுள் அடங்கும் என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். என்னால் உடனே விடை கூற இயலவில்லை.

2012 செப்டம்பர் 5ஆம் நாள் நண்பகலில் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலையொன்று வெடித்துத் தீப்பற்றியது. ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் அவ்வாலையின் தொழிலாளர் அல்லர். முதல் வெடியோசை கேட்டு, உதவவும் காணவும் ஓடிவந்தவர்கள். திரைக்கும் பார்ப்போர்க்கும் இடையே உள்ள இடைவெளி காக்கும் என்ற உறுதியில்தான் பேய்ப்படம் பார்க்கிறோம். அங்கு அவ்விடைவெளி இல்லாது போயிற்று. "இவ்வளவில் நில்" என்று சொல்லும் காவலர் அங்கு எவருமிலர்.

அன்று மாலை எங்கள் தெருவிலும் அதே வீட்டில் கூடினோம். பெட்டி புதியது, கூட்டம் பழையது. செய்தியில் புகை எழுவதையே காட்டிக்கொண்டிருந்தனர். பழக்கத்தால் எல்லாரும் அப்பத்தாவின் முகத்தைப் பார்த்தோம். அவர் பேசவில்லை. சற்று நேரம் கழித்து எழுந்து சென்று பெட்டியை அணைத்தார். பிறகு அருகில் அமர்ந்திருந்த சிறுமியின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, அன்று வேலைக்குப் போய் வீடு திரும்பியோரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் யாரோ ஒருவர் "ஆமா" என்றார்.