வைரச் சுரங்கப் பங்கு வாங்கலாமா?

கே: ரயில்வேயில் ஓய்வு பெற்றவன். கைக்கு வந்த பணத்தில் கொஞ்சம் எடுத்து, அடிமாட்டு விலைக்கு வந்துவிட்ட ஒரு வெளிநாட்டு வைரச் சுரங்கக் கம்பெனியின் பங்கில் போடச் சொல்கிறான் மகன். போடலாமா?
– ஒரு வாசகர், அரக்கோணம்

ப: வேண்டாம் சார். விலை இறங்கிவிட்டது என்பதாலேயே ஒரு பங்கு மலிவாகிவிடாது. முதலில் கம்பெனியின் கடனைப் பாருங்கள். பெட்ரா டயமண்ட்ஸ் என்ன ஆயிற்று? 1905-ல் 3,106 காரட் கல்லினன் வைரம் கிடைத்த தென்னாப்பிரிக்கச் சுரங்கமே அவர்கள் கையில்தான். ஆனாலும் கடனைக் கட்ட முடியாமல், 2021-ல் கடன் பத்திரம் வைத்திருந்தவர்களுக்குப் பங்குகளை எழுதிக் கொடுத்தார்கள். பழைய பங்குதாரர்களுக்கு மிஞ்சியது 9 சதவீதம்! சுரங்கம் ஓடியது, கல்லும் வந்தது. பங்கை நம்பியவர் கதைதான் கந்தலானது. போதாக்குறைக்கு, ஆய்வுக்கூட வைரம் வந்து இயற்கை வைரத்தின் விலையை அடிக்கிறது.

நம் என்.எம்.டி.சி.யின் பன்னா வைரச் சுரங்கமும் அனுமதி முடிந்து 2021-ல் நின்றுபோனது. கம்பெனி அசரவில்லை, அதற்குச் சோறு போடுவது இரும்புத் தாது. வைரம் மட்டுமே தோண்டுகிறவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மகனுக்கு ஆசையென்றால் அவர் சம்பளத்தில் வாங்கட்டும். உங்கள் பணத்தைத் தபால் அலுவலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும்.